சாமி கிடாவும் என் வாளித் தண்ணீரும்

எங்கள் வீட்டைச் சுற்றி மூன்று பக்கம்தான் முழுச்சுவர். நான்காவது பக்கம் இடுப்பு உயரத்துக்கு எழும்பி அப்படியே நின்றுவிட்டது. சொந்தத்தில் கல்யாணம் என்று போன கொத்தனார் திரும்பி வரவில்லை. மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நாங்களும் குடிவந்துவிட்டோம். ராஜபாளையத்திலிருந்து சேத்தூர் போகும் ரோட்டில், வீடுகள் முடிந்து தென்னந்தோப்பு தொடங்குகிற இடத்தில் இருக்கிறது வீடு. காற்று வரும், மலை தெரியும் என்று சொல்லித்தான் என் வீட்டுக்காரர் அந்த மனையை வாங்கவைத்தார். காற்று வந்தது, மலையும் தெரிந்தது. அந்த அரைச்சுவர் வழியாகப் பக்கத்து வீட்டுக் கிடாவும் வந்தது.

பக்கத்து வீட்டுக் கிடா என்று நான்தான் சொல்கிறேன். பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டால் அது தன்னுடையதே இல்லை என்பார். என் குழப்பமெல்லாம் தொடங்கியது அங்கேதான்.

அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கணவர் காலமாகிப் பல வருஷமாகிறது. ஒரே மகன், ராணுவத்தில் இருக்கிறான். அவனைப் பனிமலை உச்சியில் ஒரு முகாமுக்கு மாற்றியபோது, கை கால் முழுசாக அவன் இறங்கி வர வேண்டும் என்று அக்கா குலசாமிக்கு ஒரு கிடாக்குட்டியை நேர்ந்துவிட்டார். கறுப்புக் குட்டி, நெற்றியில் மட்டும் ஒரு வெள்ளை. கழுத்தில் மஞ்சள் கயிறும் சின்ன மணியும் கட்டினார்கள். அந்த நிமிஷத்திலிருந்து அது சாமியின் ஆடு. அதைக் கட்டிப்போடக் கூடாது, அடிக்கக் கூடாது, யார் தோட்டத்தில் மேய்ந்தாலும் கல்லெடுக்கக் கூடாது. மகன் நல்லபடியாக இறங்கி லீவில் ஊருக்கு வரும்போது, அவன் முன்னால் கோவிலில் வெட்டுவார்கள். அதுவரைக்கும் அது போகிற இடமெல்லாம் அதற்கு வீடு. இத்தனை வீடு இருக்கிற தெருவில் அதற்குப் பிடித்தது என் வீடு.

நான் அப்போது ஒரு பாத்தியில் கனகாம்பரம் வைத்திருந்தேன். சுவர் ஓரமாகப் பந்தல் போட்டுப் பிச்சிக் கொடி ஏற்றியிருந்தேன். இரண்டு கறிவேப்பிலைக் கன்றும் கொஞ்சம் அரைக்கீரையும் உண்டு. குட்டி வந்த முதல் வாரத்திலேயே கீரை போனது. அடுத்த வாரம் கறிவேப்பிலை. இதற்கெல்லாம் பொறுத்துப்போகிற ஆள் நான் இல்லை. எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும், அப்புறம் வாய் திறக்கும். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினேன்.

“யக்கா, உங்க ஆட்டை என்ன ஏதுன்னு கேக்க மாட்டியளா? ஒரு இலை மிச்சமில்ல!”

அக்கா முறத்தோடு வெளியே வந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

“நான் என்னட்டி செய்யட்டும்? அது என் ஆடா? சாமி ஆடுல்லா.”

“சாமி ஆடுன்னா சாமி தோட்டத்துல மேயட்டுமே.”

“அடிச்சிராத தாயி. உனக்குப் புண்ணியமாப் போகும். எம் பிள்ளை அங்கன பனியில நிக்கான்.” சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. அப்புறம் என் கீரைப் பாத்தியை ஒரு பார்வை பார்த்தார். நியாயம் தெரிந்தவர். “வேணும்னா தண்ணி மட்டும் ஊத்திக்கோ. தண்ணிக்குத் தோசமில்ல.”

அப்படித்தான் வாளி வந்தது. எங்கள் பக்கம் குழாயில் தண்ணீர் வருகிற அழகுக்கு நல்ல தண்ணீரை ஆட்டின் மேல் ஊற்ற எனக்கென்ன பைத்தியமா? துணி அலசிய தண்ணீரைப் பின்கதவு ஓரமாக வாளியில் எடுத்து வைத்துவிடுவேன். மணிச் சத்தம் கேட்டதும் வாளியோடு பாய்வேன். கிடா வாயில் என் கனகாம்பரத்தோடு, தலையைக் கொஞ்சம் சாய்த்து என்னைப் பார்க்கும். ஊற்றுவேன். தலையிலிருந்து வால் வரை ஒரு உதறு உதறும். காது இரண்டும் படபடவென்று அடித்துக்கொள்ளும், மணி குலுங்கும், பாதித் தண்ணீர் என் மேலேயே தெறிக்கும். பிறகு நேராக முன்பக்கக் கேட்டைப் பார்த்து ஓடும். கேட்டருகே நின்று திரும்பிப் பார்க்கும். நான் உள்ளே போனதும் திரும்பி வரும்.

காலையில் ஆபீஸ் போகுமுன் ஒரு தடவை, சாயங்காலம் வந்ததும் ஒரு தடவை. ஞாயிற்றுக்கிழமைகளில் கணக்கே இல்லை. என் வீட்டுக்காரர் பஞ்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர், நிதானமான மனிதர். நைட் ஷிப்ட் முடிந்து வந்து வாசலில் டீயோடு உட்கார்ந்து இதை வேடிக்கை பார்ப்பார்.

“நீ அதை விரட்டுதியா, குளிப்பாட்டுதியா?” என்பார். “அது உடம்புல ஒரு அழுக்கு இல்ல. இந்தத் தெருவுலயே சுத்தமான சீவன் அதுதான்.”

இப்படியே ஒன்றரை வருஷம் ஓடியது. குட்டி கிடாவாகிவிட்டது. கொம்பு வளைந்தது, தாடி வந்தது, காற்று இந்தப் பக்கம் அடித்தால் அதன் வாடை சமையலறை வரை வந்தது. இடுப்புச் சுவரை அது தாண்டுவதே தெரியாது. அங்கே நிற்கும், அடுத்த கணம் இங்கே நிற்கும்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறவள். ஆபீஸ் அங்கே மடவார் வளாகம் பகுதியில் இருக்கிறது. இருபது வருஷமாக அதே பஸ், அதே நாற்காலி. அடுத்தவர் வேலியைத் தாண்டியது, அடுத்தவர் பாதையை மறித்தது, அடுத்தவர் மரத்தில் தேங்காய் பறித்தது என்று ஊர்ப்பட்ட வழக்கையும் அடித்து அடித்து என் விரலுக்கே சட்டம் தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை, பாகப்பிரிவினை வழக்கு ஒன்றின் பிராதைப் பிழை பார்க்க வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பின்வாசல் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டு உள்ளே போய் வருவதற்குள் இரண்டு பக்கத்தைக் காணவில்லை. கிடா சாவதானமாக மென்றுகொண்டிருந்தது. தாவா சொத்து விவரம் எழுதிய பக்கம் அதன் வாயோரத்தில் கொஞ்சம் தொங்கியது.

திங்கட்கிழமை வக்கீல் சாரிடம் ஆட்டுக் கதையை உள்ளபடி சொல்லிவிட்டேன். கம்ப்யூட்டரில் இருந்ததால் மறுபடி பிரிண்ட் எடுத்துக்கொண்டேன், அதில் நஷ்டமில்லை. ஆனால் எனக்கு ஆற்றாமை அடங்கவில்லை.

“சார், இதுக்கு ஒரு நோட்டீஸ் அனுப்ப முடியாதா?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். விளையாட்டாகப் பேசும்போதுதான் அவர் கண்ணாடியைக் கழற்றுவார்.

“அனுப்பலாம்மா. பிரதிவாதி யாரு?”

“பக்கத்து வீட்டு அக்காதான்.”

“அந்த அம்மாதான் ஆடு தன்னோடது இல்லைங்கறாங்களே.”

“சாமி ஆடுங்கறாங்க.”

“அப்போ பிரதிவாதி சாமி. சட்டப்படி சாமியும் ஒரு ஆள்தான், தெரியும்ல? ஆனா மைனர் மாதிரி. கார்டியன் வைக்காம கேஸ் நடத்த முடியாது. கார்டியனா யாரைப் போடப்போறீங்க?” என்றார். பிறகு சிரித்துவிட்டு, “பேசாம சுவரைக் கட்டுங்கம்மா” என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீடு திரும்பும் பஸ்ஸில் இதே யோசனை. ஆடு சாமியுடையது என்றால் மேய்ந்த பாவம் யாருக்கு? அதன் மேல் தினமும் துணி அலசிய தண்ணீரை ஊற்றுகிறேனே, அது யார் மேல் ஊற்றுவது? சாமி பெயரைச் சொல்லி ஒரு ஆட்டை அடுத்தவர் கீரையில் வளர்ப்பது என்ன நியாயம்? அந்த ஆடு எதற்காக வளர்கிறது என்று தெரிந்தும் அதனோடு சண்டை போடுகிற நான் என்ன ஜென்மம்? எதற்கும் பதில் வரவில்லை, நான் இறங்க வேண்டிய இடம்தான் வந்தது.

பனிமலை முகாமிலிருந்து மகன் நல்லபடியாக இறங்கிவிட்டான். கீழே வேறு இடத்துக்கு வந்துவிட்டதாக போன் செய்தான். அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து சர்க்கரை கொடுத்துவிட்டுப் போனார். ஆனால் லீவு கிடைக்கவில்லை. ஒரு தடவை டிக்கெட் எடுத்தபிறகு ரத்தானது. இன்னொரு தடவை பெட்டி கட்டியபிறகு. அக்காவுக்கு உள்ளூரப் பயம் பிடித்துவிட்டது. சாமி கேட்டது தாமதமாகிறது, அதனால்தான் பிள்ளையை வர விடமாட்டேன் என்கிறது என்று ஒரு நாள் சொன்னார். பிள்ளை வந்தால்தானே கொடுக்க முடியும், கொடுத்தால்தானே வரவிடும் என்றால் எப்படி என்று கேட்க நினைத்தேன்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நடந்ததை இன்று வரை எனக்கு எந்தப் பக்கமிருந்து சொல்வது என்று தெரியவில்லை.

கனகாம்பரத்தில் ஒருவித எறும்பு ஏறியிருந்தது. மஞ்சள் தூளும் பூண்டும் அரைத்துத் தண்ணீரில் கரைத்துத் தெளித்தால் போய்விடும் என்று ஆபீசில் ஒருவர் சொன்னார். ஒரு வாளி கரைத்து வைத்திருந்தேன். ஆபீஸ் போக நேரமாகிவிட்டது, தெளித்துவிட்டுக் கிளம்பலாம் என்று பின்கதவைத் திறந்தேன். கிடா பிச்சிப் பந்தலை இழுத்துச் சாய்த்திருந்தது. மூன்று வருஷத்துக் கொடி. கொடி முழுக்க அதன் கழுத்திலும் கொம்பிலும் சுற்றிக்கொண்டு, மொட்டும் பூவுமாகத் தொங்க, அது நடுவே நின்று மென்றுகொண்டிருந்தது. எனக்குக் கண் இருட்டிவிட்டது. கையிலிருந்தது என்ன தண்ணீர் என்றெல்லாம் பார்க்கவில்லை. முழு வாளியையும் அதன் தலையில் கவிழ்த்தேன்.

கிடா உதறியது. எப்போதும்போல, தலையிலிருந்து வால் வரை.

சுவருக்கு அந்தப் பக்கம் குலவைச் சத்தம் கேட்டது. அக்கா குளித்த தலையோடு, நெற்றியில் திருநீறோடு, இரண்டு கையையும் கூப்பி நின்றுகொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நேர்ந்த கிடாவை நேராக வெட்டிவிட முடியாது. கோவில் முன்னால் நிறுத்தி, மாலை போட்டு, மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். சிலுப்பாவிட்டால் காத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டுப் பின்வாசலில் கழுத்தில் பிச்சிப்பூ தொங்க, உடம்பெல்லாம் மஞ்சள் வழிய நின்றுகொண்டிருந்தது அந்தக் கிடா.

“உத்தரவு ஆயிருச்சு தாயி! எம் பிள்ளை வந்துருவான்!”

“யக்கா, இது எறும்புக்கு வச்ச தண்ணிக்கா. பூண்டு போட்டிருக்கேன், மோந்து பாருங்க.”

“யாரு கையில வாங்கிக்கணும்னு சாமிக்குத் தெரியாதா?” என்றார். அழுதார், சிரித்தார். அரைச்சுவருக்கு மேலாகக் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். என் கையில் பூண்டு வாடை.

அடுத்த செவ்வாய்க்கிழமை மகனுக்கு லீவு கிடைத்தது. அதற்கு நான் என்ன சொல்ல?

பன்னிரண்டு நாள் லீவில் வந்தான். அதில் போகவர நாலு நாள் ரயிலிலேயே போய்விடும். கறுத்து, தோள் அகன்று, முகத்தில் தோல் உரிந்த தடத்தோடு இருந்தான். வந்த அன்றே எங்கள் வீட்டுக்கு வந்து, “சித்தி, அம்மா சொன்னா. நீங்க ஊத்தினீயளாம்ல” என்றான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வாங்கி வந்திருந்த பால்கோவாவை அவன் கையில் கொடுத்துவிட்டு, ஆமாம் என்று மட்டும் சொன்னேன். கிளம்புகிற நாளுக்கு முந்தின நாள் கிடா வெட்டு என்று முடிவானது. பங்காளிகள் எல்லாரும் வந்து கூடுவதற்கு அன்றைக்குத்தான் தோதுப்பட்டது.

சேத்தூர் தாண்டி மலையடிவாரத்தில் கோவில். கோவில் என்றால் கூரை கிடையாது, ஒரு மேடை, அதன் மேல் மூன்று கல், பக்கத்தில் ஒரு புளியமரம். இரண்டு வேனில் போனோம். கிடாவை ஏற்றிய வேனில்தான் எனக்கு இடம் கிடைத்தது. முதல் தடவையாக அதைக் கட்டிப் பிடிக்க ஒரு கயிறு. அது வழியெல்லாம் என் பையை மோந்துகொண்டே வந்தது. பையில் அக்கா கட்டிக்கொடுத்த வெற்றிலை இருந்தது. “வெலகு சனியனே” என்று தள்ளினேன். அப்புறம் ஒரு வெற்றிலையை எடுத்துக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று கேட்காதீர்கள்.

பத்து மணிக்கு மாலை போட்டு நிறுத்தினார்கள். பூசாரி மஞ்சள் தண்ணீரைத் தலையிலும் முதுகிலும் ஊற்றினார். கிடா அசையவில்லை. மாலையிலிருந்து ஒரு செவ்வந்தியைக் கடித்து மென்றது. மறுபடி ஊற்றினார். வெயில் நேரத்துக்கு இதமாக இருந்ததோ என்னவோ, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நின்றது. பதினொன்று ஆனது. மூத்த பங்காளி ஒருவர் ஊற்றினார், அடுத்து மகன் சட்டையைக் கழற்றிவிட்டு வந்து ஊற்றினான், அப்புறம் அக்காவே ஊற்றினார். ஒரு சிலுப்பு இல்லை.

“காதுல கொஞ்சம் விடுங்கப்பா, தன்னால உதறும்” என்றார் ஒருவர்.

“காதுல விட்டு வாங்குறது உத்தரவு இல்லப்பா, களவு” என்று பூசாரி முகத்திலடித்தாற்போல் சொல்லிவிட்டார்.

பன்னிரண்டரை ஆனது. சமையலுக்கு வந்தவர்கள் அடுப்பை மூட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. குறை எதுவும் இருக்குமோ என்றார்கள். பையன் அங்கே ஏதாவது செய்திருப்பானோ என்றார்கள். அக்கா செத்துப்போன தன் கணவரிடமிருந்து தொடங்கித் தனக்குத் தெரிந்த எல்லாக் குற்றத்தையும் சாமி முன்னால் சொல்லி மன்னிப்புக் கேட்டார். மகன் தலை குனிந்து நின்றான். மறுநாள் காலையில் அவனுக்கு மதுரையில் ரயில். சாமி கை நீட்டி வாங்காமல் பிள்ளையை எப்படித் திரும்ப அனுப்புவது என்று அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

திடீரென்று அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

“ஏட்டி, நீ வா. நீ ஊத்து. அன்னைக்கு உன் கையிலதான குடுத்துச்சு.”

வேற்றாள் ஊற்றலாமா என்று பங்காளிகளுக்குள் முணுமுணுப்பு எழுந்தது. பூசாரி அவர்களைக் கையமர்த்தினார். “சாமிக்கு ஏதுய்யா வேத்தாளு? வாங்கம்மா” என்று செம்பை என்னிடம் நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். அங்கிருந்து கிடா நின்ற இடம் பத்தடி இருக்கும். அந்தப் பத்தடிக்குள் நான் என்ன நினைத்தேன் என்பதை ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும். ஒன்றரை வருஷமாக இது ஒழிந்தால் போதும் என்று தினமும் சொன்னவள் நான். இன்றைக்கு ஒழியப்போகிறது. ஆனால் அது மாலையோடு நின்று என்னைப் பார்த்தபோது, ஒழிய வேண்டாம் என்று இருந்தது. முதுகில் மட்டும், அதுவும் மெதுவாக, காது பக்கமே போகாமல் ஊற்றிவிட வேண்டும். சிலுப்பாது. சாமிக்கு விருப்பமில்லை என்று சொல்லி வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். அப்படி நினைத்த உடனேயே அக்காவின் முகம் கண்ணில் பட்டது. சிலுப்பாவிட்டால் அந்த மனுஷி இன்றிலிருந்து ஒரு பொட்டுத் தூங்க மாட்டார். அங்கே அந்தப் பையனுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் இந்த மத்தியானத்தை நினைத்துச் சாவார். சிலுப்பிவிடு என்றும் நினைத்தேன். சிலுப்பாதே என்றும் நினைத்தேன். எதை வேண்டிக்கொண்டு நடந்தேன் என்று எனக்கே தெரியாது.

கிடாவுக்கு முன்னால் நின்று செம்பை உயர்த்தினேன்.

ஒரு சொட்டு விழவில்லை. நான் இன்னும் சாய்க்கவே இல்லை. கிடா தலையிலிருந்து வால் வரை உதறியது. காது இரண்டும் படபடவென்று அடித்துக்கொண்டன, மணி குலுங்கியது, மாலை அறுந்து விழுந்தது. உதறியவுடன் எப்போதும்போலத் திரும்பிக் கேட்டைப் பார்த்து ஓடப் பார்த்தது. அங்கே கேட் இல்லை, கயிறுதான் இழுத்து நிறுத்தியது.

குலவைச் சத்தத்தில் காது அடைத்துவிட்டது. அக்கா என் காலில் விழப் பார்த்தார். யாரோ என் கையிலிருந்த செம்பை வாங்கினார்கள். செம்பு நிறையத் தண்ணீர் அப்படியே இருந்ததை வாங்கியவர் கவனிக்கவில்லை. நான் புளியமரத்துக்குப் பின்னால் போய் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதன் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை.

நின்றுகொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பிறந்ததிலிருந்து அந்த ஆட்டின் மேல் யாரும் கை ஓங்கியதில்லை. தெருவே அதைத் தடவிக் கொடுத்து வளர்த்தது. பூசாரி ஊற்றியபோது அதற்கு ஏன் பயம் வரப்போகிறது? அதற்குத் தண்ணீர் என்றால் நான்தான். நான் கையைத் தூக்கினால் உதறிவிட்டு ஓட வேண்டும். இதை நான்தான் காலையும் மாலையும் அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அப்படியானால் அங்கே சாமி எங்கே வந்தது? சாமி வரவில்லை என்றால், அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு லீவு எப்படி வந்தது? நான் ஆட்டைக் காட்டிக்கொடுத்தேனா, ஒரு தாயின் வயிற்றில் பால் வார்த்தேனா? இரண்டும் ஒரே செம்பில் எப்படி இருக்கும்?

இதை யாரிடமாவது சொல்லித் தொலைத்துவிடலாம் என்றுதான் சாயங்காலம் நினைத்திருந்தேன். மகன் விடைபெற வந்தான். வாசலில் யாரும் இல்லை. குரலைத் தாழ்த்தினான்.

“சித்தி, நான் பார்த்துட்டேன்.”

“என்னத்தப்பா?”

“தண்ணி விழவே இல்ல. நீங்க செம்பைத் தூக்குனதுதான். அதுக்குள்ள சாமி குடுத்துருச்சு.” அவன் கண் பளபளத்தது. தோல் உரிந்த அந்த முகத்தில் சின்ன வயசுக் களை வந்துவிட்டது. “இதை நான் அம்மாட்ட கூடச் சொன்னதில்ல. அங்க இருக்கும்போது எத்தனையோ நாள் பயந்திருக்கேன் சித்தி. இனிமே எனக்கு ஒண்ணுமில்ல. போயிட்டு வாரேன்.”

நான் வாயைத் திறந்தேன். துணி அலசிய தண்ணீர், வாளி, காலை, மாலை, எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. “பார்த்துப் போயிட்டு வா” என்று மட்டும்தான் சொன்னேன். அன்றைக்குச் சொல்லாதது சரியா என்று இன்றும் தெரியவில்லை. சொல்லியிருந்தால் அது சரியாக இருந்திருக்குமா என்பதும் தெரியவில்லை.

எங்கள் பங்கு ஒரு தூக்குவாளியில் வந்தது. என் வீட்டுக்காரர் சாப்பிட்டார். ஒரு வாய்க்குப் பிறகு, “நல்லா வளத்திருக்கோம்” என்றார். அவர் கிண்டலாகச் சொன்னாரா, துக்கமாகச் சொன்னாரா, தெரியவில்லை. நான் சாப்பிட மாட்டேன் என்றுதான் இருந்தேன். அக்கா சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, “எம்புட்டு இருக்கு? பத்துமா? இன்னும் கொஞ்சம் தரட்டுமா?” என்று கேட்டுக்கொண்டே நின்றதால் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு எல்லாவற்றையும்விட வெட்கமாக இருக்கிறது.

அதன் பிறகு கொஞ்ச நாள் என் தோட்டம் தழைத்தது. அரைக்கீரை முழங்கால் உயரம் வந்தது. பறித்துச் சமைக்கலாம், ஆனால் பறிக்கத் தோன்றாமல் முற்றிப்போய் விதை தள்ளியது. சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் என்னையறியாமல் மணிச் சத்தத்துக்குக் காது கொடுப்பேன். வக்கீல் சார் ஒரு நாள், “உங்க பிரதிவாதி எப்படி இருக்காரும்மா?” என்று கேட்டார். வழக்கு முடிந்துவிட்டது சார் என்றேன். யார் பக்கம் தீர்ப்பு என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை சார் என்று சொல்லிவிட்டு டைப் அடிக்கத் தொடங்கிவிட்டேன்.

போன மாசம் மகனை மறுபடி மேலே மாற்றியிருக்கிறார்கள். அக்கா ஒரு குட்டி வாங்கி நேர்ந்துவிட்டிருக்கிறார். இது செவலை. கழுத்தில் அதே மணி, மஞ்சள் கயிறு மட்டும் புதுசு. தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார்.

“இதுக்கும் நீதான் தாயி ஊத்தணும். உன் கைராசி. பெரிசாகட்டும்.”

சரிக்கா என்றேன்.

சுவரைத் தாண்ட அதற்கு இன்னும் உயரம் போதாது. சுவருக்கு அந்தப் பக்கம் கொத்தனார் எப்போதோ விட்டுப்போன செங்கல் குவியலில் நேற்று ஏறி உள்ளே குதித்துவிட்டது. மணிச் சத்தம் கேட்டு நான் வெளியே வந்தபோது கனகாம்பரத்தில் வாய் வைத்திருந்தது. செடிக்கு ஊற்ற எடுத்த வாளி என் கையில் இருந்தது. மெல்லக் கீழே வைத்துவிட்டு, வெறுங்கையைத் தட்டி, போ போ என்றேன். அது போகவில்லை. துள்ளிக்கொண்டு கிட்டே வந்து வாளிக்குள் தலையை விட்டுத் தண்ணீர் குடித்தது. அது குடித்து முடிக்கும் வரை அசையாமல் நின்றேன். தலையை எடுத்தபோது நெற்றியிலும் காதிலும் தண்ணீர் சொட்டியது. அது உதறுவதற்குள் அவசரமாக என் முந்தானையால் துடைத்துவிட்டேன்.